பின்மண்டை

ஹித் கப்பல் பட்டறை கேட்டில்
முகம் பார்க்கும் இயந்திரம் மூன்றாம் நாளாக
என்னைத் தெரியாது என்றது.
ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னான் காவலாளி.
கழற்றினேன்.
அப்போதும் தெரியாது என்றது.
அவன் சிரிக்கவில்லை. அதுதான் தைத்தது.

அட்லியாவில், மூன்றாம் மாடி.
ஏசிக் குளிர், தட்டில் பேரீச்சை.
ஆலோசகர் ஷைனி, திருச்சூர்க்காரர்,
ரப்பர் மண்டை ஒன்றை
முதுகு காட்டித் திருப்பி வைத்தார்.

முதல் வழி, பட்டை.
காதிலிருந்து காதுவரை நாடா அளவுக்குத் தோலை
அரிந்தெடுத்துத் தைத்துவிடுவார்கள்.
நான்கு பெண்கள் பூதக்கண்ணாடி வைத்து
அந்த நாடாவைக் கீரைபோல் ஆய்வார்கள்.
எழுநூறு தினார். மழிக்க வேண்டாம்.
மிச்ச முடி தையலை மூடிக்கொள்ளும்.
கோடு மட்டும் ஆயுளுக்கும் இருக்கும்.

அடுத்தது, ஒவ்வொன்றாக.
மில்லிமீட்டருக்கும் குறைவான குழல் ஊசி
சுழன்று இறங்கி ஒரு வேரைப் பெயர்க்கும்.
அப்படி இரண்டாயிரம் முறை.
கோடு கிடையாது, கண்ணுக்குப் படாத புள்ளிகள்தான்.
ஆயிரத்து நூறு. தலை மொத்தமும் மொட்டை.

மூன்றாவதும் இருக்கு சார், பேனா மாதிரி ஒரு கருவி, என்றார்.
விலையைக் கேட்டுவிட்டு
எடுத்த பேரீச்சையைத் தட்டிலேயே வைத்தேன்.

சாரம் சோதிப்பவன் நான்.
பச்சை டேக் ஒன்றின் முதுகில் கணக்குப் போட்டேன்.
முதலாவதில், செய்தது மறையும், தழும்பு நிற்கும்.
அடுத்ததில் தழும்பு மறையும்,
செய்தது முஹர்ரக் அறையின் ஆறு பேருக்கும் தெரியும்.
வேளாங்கண்ணி மொட்டையா கர்வாலோ என்பார்கள்.
பிறகு மூன்று வாரம் ஹெல்மெட் கூடாது,
அப்போது ஃபோர்மேனுக்கும் தெரியும்.

கப்பலில் தகடு விரிந்தால்
துண்டு வெட்டி, துண்டு வைத்து, வெல்டிங் அடிப்போம்.
கோடு இருக்கும். கப்பல் போகும்.
அதை ஆயிரம் முறை பார்த்தவன்
ஏன் கோட்டுக்குப் பயந்தேன்,
தெரியவில்லை.

டாக்டர் ஹிஷாம் எகிப்துக்காரர், உடைந்த இந்தி.
ஒன்பது வருடத்துக்கு முந்தைய அடையாள அட்டையை நீட்டி
இந்த நெற்றி வேண்டும் என்றேன்.
ஊதாப் பேனாவால் அதற்கு இரண்டு விரல் மேலே வரைந்தார்.
கொஞ்சம் கீழே, என்றேன்.
பின்னால் இருப்பது சேமிப்பு, என்றார்,
எடுக்கலாம், போட முடியாது.
நாற்பத்தைந்து வயதுக்காரனுக்கும் ஏதாவது மிச்சம் வை.
ஒரு விரலில் பேரம் முடிந்தது.

பின்னாலிருந்து எடுத்து முன்னால் நட்ட முடி
தான் இன்னும் பின்னால் இருப்பதாகவே நினைக்குமாம்.
அதனால்தான் உதிராதாம்.
எனக்கு அந்த சாமர்த்தியம் இல்லை.
வந்த இரண்டாம் வருடமே
இங்கேதான் இருக்கிறேன் என்று தெரிந்துவிட்டது.

ஊசிக்கே கையெழுத்துப் போட்டேன்.
நான்கு மாத ஓவர்டைம் கூடுதல்,
கோடு வேண்டாம் என்பதற்காக மட்டும்.

முந்தின இரவு நதீமின் சலூன்.
ஒதுக்கி ஒதுக்கி மறைத்துவந்த முடியெல்லாம்
ஐந்து நிமிடத்தில் துணிமேல் கிடந்தது.
பின்னால் வந்தவன் மெஷினை நிறுத்தினான்.
பாய், இங்கே ஏற்கெனவே ஒரு வெட்டு இருக்கே.

கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்தான்.
வலக் காதுக்கு மேலே,
கட்டைவிரல் நீளத்தில், பிறை வளைவாக, வெளுத்து,
குறுக்கே நான்கு தையலின் தடம்.
முப்பத்து நான்கு வருடமாக என்னோடு இருக்கிறது.
எதில் மோதினேன், யார் தூக்கி ஓடினார்கள்,
எந்த ஆஸ்பத்திரி,
ஒன்றும் ஞாபகமில்லை.
இரவு பதினொன்றரைக்கு யாரைக் கூப்பிட்டுக் கேட்பது.

ஹிஷாம் நாளை அதைச் சுற்றிக்கொண்டு போவார்.
அங்கே வேர் இல்லை, எடுக்கவும் ஒன்றுமில்லை.

நதீம் கண்ணாடியை இறக்கப் பார்த்தான்.
இரு, என்றேன்.
இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்.